பிச்சையாவின் குடல் சொன்னது

பாளையங்கோட்டை பிச்சையாவுக்கு ஆறாத குடல் புண். அதனால் எந்தக் கம்பெனியும் அவருக்கு ஆயுள் காப்பீடு தரவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி மட்டும், சுற்றிலும் நடக்கும் பேச்சையும் பதிவு செய்யும் அரிசியளவு கருவியை விழுங்கச் சொல்லி, மூன்று மாதம் அவர் வயிற்றை உளவு பார்த்தது. பிறகு அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

"சார், காரத்துக்குக்கூட உங்க குடல் கோவப்படல. உங்க மச்சினர் பேச ஆரம்பிச்சாத்தான் கொந்தளிக்குது. அவரு இங்க இருந்தா பாலிசி கிடையாது."

மச்சினன் ஆவுடையப்பன் வேலை தேடி வந்து எட்டு மாதமாக அங்கேதான் இருந்தான். மனைவி சிவகாமியின் முகத்தைப் பார்க்கப் பிச்சையாவுக்குத் துணிவில்லை.

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே அத்தான்!" என்று ஆவுடையப்பன் அன்றே பெட்டியோடு ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டான். சிவகாமி பேச்சை நிறுத்திவிட்டாள்.

கருவி இன்னும் வயிற்றில்தான் இருந்தது. மூன்றாம் நாள் அதிகாரி பதறிப்போய் போன் செய்தார். "சார், குடல் முன்னைவிட மோசமா இருக்கே! வீட்ல என்ன நடக்கு?"

பிச்சையா போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய், மச்சினனைக் கையோடு கூட்டிவந்தார்.

பாலிசி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மச்சினர் ஆயுள் முழுக்கத் தங்கலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்து பேசக் கூடாது. சிவகாமி அதைச் சத்தமாக வாசித்தாள். ஆவுடையப்பன் சோற்றை மென்றபடி தலையை மட்டும் ஆட்டினான்.