சூப்பும் செய்திதான்

"சாப்பாட்டுப் பக்கம் லொரென்சோ, வந்தாச்சு. விளையாட்டுப் பக்கம் டாரில், அது நான், வந்து கொட்டாவியும் விட்டாச்சு. புரொபசர் மிரியம் வந்துட்டாங்க. எடிட்டர் ரூஃபஸ்... இருக்கியா, கெளம்பிட்டியா?"

டாரில் கடைசிப் பெயரை வேண்டுமென்றே இழுத்தான்.

"இருக்கேன். உக்காரு," என்றான் ரூஃபஸ்.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தச் சின்னக் கல்லூரி. மொத்த மாணவர்களுக்கும் நாலு வகுப்பறை போதும். வயதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. ரூஃபஸ் நாற்பதைத் தாண்டியவன். வரலாறு, மூன்றாம் ஆண்டு. மாதம் ஒருமுறை வரும் மாணவர் பத்திரிகை அவன் கையில்தான் ஓடியது.

"சூப்பு என்னாச்சு?" என்றான்.

லொரென்சோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "செவ்வாய்க்கிழமை வழங்கப்பட்ட சூப்பில் கோழி இருந்ததாகத் தலைமைச் சமையல்காரர் தெரிவித்தார். நேரில் பார்த்தவர் எவரும் இல்லை."

மிரியம் வாய்விட்டுச் சிரித்தார். ரூஃபஸ் சிரிக்கவில்லை.

"அவர்கிட்ட நேர்ல கேட்டியா?"

"கேட்டேன். எலும்ப வேக வச்சு எடுத்துட்டேன்னாரு."

"அப்ப அதையும் போடு."

"போட்டா ஜோக்கு செத்துடும்யா."

"சாகட்டும். சொன்னதப் பாதியா போடாதே. நாளைக்கும் அவருதான் உனக்கு ஊத்தணும்."

டாரில் தன் தாளை நீட்டினான். ரூஃபஸ் ஒரு சொல்லை அடித்தான். "'வீரத்தோடு போராடித் தோற்றோம்'னு எழுதியிருக்கே. அந்த வீரம் எங்க இருந்துச்சு? நானும்தான் மேட்ச் பாத்தேன்."

"மாத்தல் கெடச்ச ஆளு, இன்னும் எதுக்குய்யா எங்க வீரத்தப் பிடிச்சுத் தொங்கறே?"

எல்லோர் மனதிலும் இருந்ததை அவன் சொல்லிவிட்டான்.

ரூஃபஸே எழுதிக் கேட்ட மாற்றல் அது. கேட்டு வெகுகாலம் கழித்து இப்போதுதான் வந்திருந்தது. தெற்கே, அவன் அம்மா வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடும் தூரம். அறை பெரிது, ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள். ஆனால் அங்கே பட்டப் படிப்பு கிடையாது. போனால் மூன்றாம் ஆண்டோடு எல்லாம் நின்றுவிடும். பத்திரிகையும் அங்கே இல்லை. இங்கே இருப்பதும் அவன் போனால் ரெண்டு இதழ் தாங்காது என்பது லொரென்சோவின் கணக்கு. சரியா, வேண்டாமா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

மிரியம் பேச்சை மாற்றப் பார்த்தார். "ரூஃபஸ், நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். நகரத்துல என் மாணவர்கள் யாரும் இவ்வளவு சுத்தமா எழுதறதில்ல. ஆனா நீங்க எழுதறதெல்லாம் சூப்பு, துணி துவைக்கிற மெஷினு, நூலகத்துல பூந்த குருவி... பெருசா ஏதாவது எழுத ஆசை இல்லையா?"

"எங்களப் பத்திப் பெரிய பத்திரிகைக்காரங்க ஆளுக்கு ஒரு தடவ எழுதிட்டாங்க, புரொபசர். பெருசாத்தான் போட்டாங்க. அதுல எவனும் சூப்பு குடிக்கல."

டாரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லொரென்சோதான் பொறுக்க முடியாமல் கேட்டான். "உங்கம்மா என்னதான் சொன்னாங்க?"

"போன்ல கத்தினாங்க. கேட்டது கெடச்சும் யோசிக்கிறியான்னு."

"அப்புறம்?"

"பொறவு சொன்னாங்க. 'நீ பக்கத்துல வந்தா உன் மூஞ்சியப் பாப்பேன், சரி. நீ என்ன தின்னே, யாரோட சிரிச்சேன்னு உன் மூஞ்சி என்னிக்குடா சொல்லியிருக்கு? உன் பத்திரிகைதான் சொல்லுது. படிப்ப முடி'ன்னாங்க."

ரூஃபஸ் பேனாவை மூடினான்.

"அடுத்த இதழ்ல எழுத்தப் பெருசா போடச் சொன்னாங்க. கண்ணு மங்குதாம்."

"அப்ப நீ...?"

"அப்ப என்ன? எலும்பையும் சேத்து எழுதிக் குடு. சூப்பு மொதல் பக்கம்."

டாரில் மேசையில் ஓங்கி அறைந்தான். "மொதல் பக்கமா? நாங்க தோத்தது?"

"அது கடைசிப் பக்கம். வீரமில்லாம."

ரூஃபஸ் தியாகி முகம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தாள்களை அடுக்கி ஓரம் தட்டினான். மிரியம் பேனாக்களைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் ரூஃபஸுக்குக் கை கொடுக்கும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தார். பிறகு அவர் கார் நிற்கும் பக்கம் போனார். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

நடைவழியின் முனையில் நின்றிருந்தவர் ரூஃபஸை நிறுத்தினார். "ஆபீஸ்ல பதில் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லிடுங்க, சார். அடுத்த வருஷம் பட்டம் வாங்கிட்டுப் பாக்கலாம்."

காவலர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "மதில்கூட இல்லாத ஜெயிலுக்கு மாத்தறோம்னா, மாட்டேன்னு சொன்ன மொத கைதி நீதான்யா," என்றபடி, உள்ளே போனவனுக்குப் பின்னால் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.