முட்ட மார்க்கு லெட்டரு

சத்தியமாச் சொல்லுதேன், இதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. பொய்னா என் லோடு ஆட்டோ எட்டயபுரம் ரோட்டுல நட்டநடு வெயில்ல பஞ்சராகட்டும்.

நமக்குத் தொழிலு வெறகு. புதூர்ப் பக்கம் வெட்டுத சீமக்கருவேல வெறக ஏத்திட்டு வந்து கோவில்பட்டி ஓட்டல்களுக்குப் போடுதேன். அன்னைக்கு லோடு எறக்கிட்டு டீக்கடையில நிக்குதேன், மேல மாடியிலருந்து தேவஆசீர்வாதம் சார் எட்டிப் பாத்தாரு. வெளிநாட்டு வேலைக்குப் போற நர்சுகளுக்கு இங்கிலீஷ் பரீட்ச உண்டும்லா, அதுக்கு எழுதப் பழக்குதவரு.

"ஏய் சிவனாண்டி, மேல வாரும். ஒரு நோயாளி வேணும்."

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்லா சார் இருக்கு?"

"நடிக்கதுக்குய்யா! நீரு நோவச் சொல்லும். அதக் கேட்டுக்கிட்டு, நர்சுப் புள்ளைய எல்லாம் பெரிய டாக்டருக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதுவாவ. பரீட்சையில அதான் கேப்பான்."

நடிப்புன்னா விடுவனா? போயி ராசா கணக்கா கால் மேல கால் போட்டு உக்காந்தேன். எதுத்தாப்ல அஞ்சாறு நர்சுப் புள்ளைய, கூட ஜெஸ்டின்னு ஒரு ஆம்பள நர்சு.

சாரு அதட்டுனாரு. "பேசண்டு சொன்னத மட்டும் எழுதணும். சொந்தச் சரக்கு சேத்தா மார்க்கு போச்சு. ஏட்டி ஆஸ்லின், ஒன்னத்தான். ரெண்டு தடவ எழுத்துல கோட்ட விட்டாச்சு. இந்தத் தடவையும் விட்டா அயர்லாந்துக்காரன் ஒனக்கு வச்சிருக்க வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவான், பாத்துக்க."

"சரி சார்"னா அந்தப் புள்ள.

நான் கதைய அவுத்து விட்டேன். "வயித்துக்குள்ள தவில் அடிக்கி தம்பி. ஒரு சட்டி சோறு தின்னாத்தான் சத்தம் நிக்கி."

"எத்தன நாளா அண்ணாச்சி?"ன்னான் ஜெஸ்டின்.

"கலியாணம் ஆனதுலருந்து."

எல்லாரும் சிரிக்காவ. ஜெஸ்டின் பேனா பறக்கு. ஆஸ்லின் மட்டும் சிரிக்கல, எழுதல. குனிஞ்சு கீழயே பாத்துக்கிட்டு இருக்கா. எனக்குன்னா கோவம். இம்புட்டு நடிக்கேன், மூஞ்சியப் பாக்காம கீழ என்னட்டி பார்வ?

திடீர்னு கேட்டா. "அண்ணாச்சி, தண்ணி ரொம்பத் தவிக்கா?"

"வெறகு லோடு அடிக்கவனுக்குப் பாலா தவிக்கும்?"

"கால்ல வலி எதும் இருக்கா?"

"எங்காலா? கரிசக்காட்டுல பொறந்த காலு. செருப்பே போட்டதில்ல. முள்ளு குத்துனா முள்ளுக்குத்தான் வலிக்கும்!"

மறுபடி ஒரே சிரிப்பு. அப்பத்தான் அந்தப் புள்ள பேனாவையே எடுத்தா.

லெட்டர்கள வாங்கி சாரு படிச்சாரு. ஜெஸ்டின் லெட்டருக்கு, "பேஷ், ஒரு தப்பு இல்ல"ன்னாரு. ஆஸ்லின் லெட்டரப் பாத்ததும் மொகம் சுண்டிருச்சு.

"முட்ட மார்க்கு. வயித்தப் பத்தி ஒரு வரி இல்லயேட்டி!"



சாரு இன்னொரு தடவ படிச்சாரு. பேனாவக் கீழ நழுவ விட்டு, குனிஞ்சு மெதுவா எடுத்தாரு. நிமிந்து, செவப்பு மையால கிழிகிழின்னு கிழிச்சாரு.

"'கொஞ்ச நாளா'ன்னா எம்புட்டு நாளா? 'கால்ல'ன்னா எந்தக் காலு, எங்கன? இவரு வயசு எங்க? படிக்கவன் ஒண்ணுகெடக்க ஒண்ணு நெனைக்க மாதிரியா எழுதுவா? மறுபடி எழுது."

அவ எங்கிட்ட கேட்டுக் கேட்டு மறுபடி எழுதுனா. அதையும் கிழிச்சாரு. மறுபடி எழுதுனா. மத்த புள்ளைய எல்லாம் பஸ்ஸுக்குப் போயாச்சு. அவ கண்ணு கலங்கிருச்சு.

எனக்குப் பொறுக்கல. "சார், அதான் முட்டன்னு சொல்லிட்டீங்களே. அவிச்ச முட்டைய எத்தன தடவ அவிப்பீங்க? புள்ளைய விடுங்க."

"நீரு சும்மா இரும்."

கடைசியா எழுதுனத வாங்கி, ஒவ்வொரு வார்த்தையா வெரல வச்சுப் படிச்சாரு. தலைய ஆட்டுனாரு. மடிச்சாரு. அவகிட்ட குடுக்கல, எங்கிட்ட நீட்டுனாரு.

"பிடியும். இப்பமே பெரியாஸ்பத்திரிக்குப் போரும். ஆஸ்லின், நீயும் கூடப் போ."

"சார், நடிப்புன்னுதான சொன்னீங்க?"

"இவ முட்ட வாங்குனது பரீட்சைக்கு. இது ஒமக்கு. டாக்டரு ஒரு சொல்லக்கூட மாத்திப் புரிஞ்சுக்கிரக் கூடாதுன்னுதான்யா இம்புட்டு நேரம் கிழிச்சேன். குதிங்காலத் திருப்பிப் பாரும்."

திருப்புனேன். கருவேல முள்ளு ஒண்ணு ஒடிஞ்சு உள்ள கெடக்கு. சுத்திக் கறுத்து, சீழ் கோத்திருக்கு. எனக்கு ஒரு பொட்டு வலி தெரியல.

"முள்ளு குத்துனா வலிக்காதுன்னீங்கள்லா, அந்த ஒரு வார்த்ததான் அண்ணாச்சி நீங்க நடிக்காமச் சொன்னது. அத மட்டும் எழுதுனேன்"னா ஆஸ்லின்.

டாக்டரு லெட்டரப் படிச்சாரு. ஒரு கேள்வி கேக்கல, நேரா உள்ள தள்ளிட்டுப் போனாவ. காலு தப்புச்சு.

அந்தப் புள்ளையும் பாஸாகி அயர்லாந்து போயிட்டா. போன் பண்ணா இன்னைக்கும் முதக் கேள்வி, "அண்ணாச்சி, செருப்புப் போட்டிருக்கீங்களா?"

சரி, கத ஓசியில்ல. வாயப் பொளந்து கேட்டீங்கள்லா, காச எடுங்க, எனக்கொரு டீ சொல்லுங்க. ஏல, நில்லு... சீனி போடாம!