காட்டாத கொப்பி

வரதராசா பெயர்க் கொப்பியைக் கதிரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்து ஐந்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்திருந்தது அந்தக் கொப்பியில்தான்.

ஹேவாஹெட்டயிலிருந்து நடந்தே வந்த ராக்கம்மாவுக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. புருஷன் சுந்தரலிங்கம் கண்டி டவுனில் தையல்காரன். கடை சாம்பலானது தெரியும், ஆள் என்ன ஆனான் என்றுதான் தெரியவில்லை.

"ஒரே ஒரு பேருங்கய்யா. இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"சொல்ல ஏலாது, தங்கச்சி."

"மேலிடத்து உத்தரவா?"

"இல்லை. என்ர உத்தரவு."

அரசாங்கக் கந்தோரில் இருபது வருஷம் கிளாக்கராக இருந்து, யார் வந்து எந்தத் தாளைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்த மனுஷனாம் இவர். வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். இங்கே வந்ததும் கல்லாகிவிட்டாராம்.

ராக்கம்மா அவருடைய மேசையை நெருங்கினாள்.

"வாக்காளர் இடாப்பக் கையில வச்சிக்கிட்டு, பேரப் பாத்துப் பாத்துத்தான கொளுத்துனானுக. அவனுகளுக்குப் பேரு கெடைக்குது. பொண்டாட்டி நான் கேட்டா இல்லையா?"

வரதராசா குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவள் காதைப் பார்த்தார்.

"அந்தத் தோட்டைக் கழட்டித் தாங்கோ."

இதற்குத்தானா இத்தனை இழுத்தடிப்பு என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கழற்றி மேசைமேல் வீசினாள். புருஷன் உயிருக்கு முன்னால் தோடு என்ன பெரிசு. அவர் அதை எடுத்து, கொப்பியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கால்மணி நேரத்தில் கதவு திறந்தது. சுந்தரலிங்கம் ஓடி வந்தான். ஒரு கையில் கட்டு, மறு கையில் தோடு.

"இது ஆருடையதுன்னு கேட்டாருடி. நான் வாங்கிக் குடுத்தத எனக்குத் தெரியாதா?"

"தேடி வாற ஆள் ஆரெண்டு உள்ள இருக்கிறவர்தான் சொல்லவேணும்," என்றார் பின்னால் வந்த வரதராசா. "அதுக்குப் பிறகுதான் கதவு."

ராக்கம்மாவுக்கு அழுகை பொங்கியது. தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"என்ர காலில விழாதையுங்கோ, தங்கச்சி. அந்த இடாப்பை அவங்களுக்கு எடுத்துக் குடுத்தது நான்தான்."