திரை நிறைய அய்யம்மாள்
பள்ளிக்கூடக் கணினி அறையில் சன்னல் வெயில் விசைப்பலகைமேல் சாய்ந்து கிடக்கிறது. வேல்விழி விசைகளை விரல்நுனியால் தடவுகிறாள், எழுத்து விழவில்லை. வெடிமருந்துப் பக்கத்தில் எதையும் தட்டாதே, உரசாதே என்று அம்மா பழக்கிய கை. அந்த அம்மா போன மாதம் பட்டாசு ஆலை வெடிப்பில் செத்துப்போனாள். பேப்பரில் ‘பெண் தொழிலாளி ஒருவர்’ என்று மட்டும் வந்தது. “நல்லாத் தட்டு பிள்ள, இங்கன ஒண்ணும் வெடிக்காது” என்ற பக்கத்து இருக்கை பாலகுரு, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். அவள் தட்டுகிறாள். சத்தத்தில் அறையே திரும்பிப் பார்க்கிறது. திரையில் எழுத்து விழுகிறது: அய்யம்மாள். எழுத்தைத் தடிமனாக்குகிறாள், பெரிதாக்குகிறாள். அம்மாவின் பெயர் திரையை அடைத்து நிற்கிறது. “பள்ளிக்கூடத்துப் பேரைத்தான அடிக்கச் சொன்னேன்? அழிச்சிட்டு அடி தாயி” என்கிறார் சொர்ணலட்சுமி டீச்சர். “அதைக் கீழ அடிக்கேன் டீச்சர். இதை அழிக்க மாட்டேன்.” டீச்சரைப் பார்த்தபடியே அவள் அடுத்த வரிக்கான விசையை ஓங்கித் தட்டுகிறாள்.