சாவு எழுத்து

திங்கட்கிழமை காலையில் அச்சகத்தைத் திறந்த கன்னியப்பன், அச்சுக் கோர்க்கும் கல்லின்மேல் தன் பெயரைப் பார்த்தான்.

சாதாரண எழுத்தில் இல்லை. தடித்த பிரெஞ்சு மர எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தலையிலும் காலிலும் பலகை அடித்தது மாதிரி கட்டை. ஒருகாலத்தில் ஏலம், நாடகம், துணிக்கடை என்று எல்லா நோட்டீஸுக்கும் அதுதான். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்த நாலு வருஷத்தில் பிரெஞ்சு வேலை குறைந்துபோய், இப்போது சாவு நோட்டீஸ் மட்டும்தான் அதில் அச்சாகிறது. அச்சகத்தில் அதற்குச் சாவு எழுத்து என்றே பெயராகிவிட்டது.

பிரெஞ்சில் அவன் பெயருக்கு மூன்று ‘என்’ எழுத்து வேண்டும். கல்லில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதன் இடம் பல் விழுந்த வாய் மாதிரி காலியாகக் கிடந்தது.

சனிக்கிழமை அவன் பூட்டிய பூட்டு அப்படியேதான் இருந்தது.

தாள் மடிக்கும் செல்வாம்பாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைத் தெரியும்.

“யாருண்ணே செத்தது?”

“என் பேரு.”

அவள் இரண்டடி பின்னால் போனாள். “போன மாசம் செத்தாரே ராமதாஸ், அவரு பேருகூட அவரு போனப்புறந்தான் இதுல ஏறுச்சு. உனக்கு முன்னாடியே ஏறிடுச்சே.”

“இன்னும் ஒரு எழுத்துதான் பாக்கி.”

முதலியார்பேட்டை வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும் கன்னியப்பனை நம்பித்தான் இருந்தார்கள். பெயரைப் பிரித்துவிடலாம். ஆனால் இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயமாக இருந்தது. அங்கே யார் பெயராவது இருக்க வேண்டும்.

முதலாளி வடிவேலுக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு வாரமாக இருமல் என்று வேலைக்கும் வரவில்லை.

தன் பெயரைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே எழுத்தில் முதலாளி பெயரைக் கோர்த்தான். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

வாசலில் இருமல் கேட்டது. கன்னியப்பன் அவசரமாகக் கல்லின்மேல் ஒரு தாளை விரித்தான்.

முதலாளி உள்ளே வந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே புதுசாகச் செதுக்கிய ஒரு ‘என்’. இன்னும் மரவாசனை போகவில்லை.

“நேத்தே என் சாவி போட்டுத் தொறந்து உன் பேரைக் கோத்தேன்டா. ஒரு எழுத்து கொறஞ்சுபோச்சு. தச்சன்கிட்ட செஞ்சு வாங்கியாந்தேன்.”

“எதுக்கு மொதலாளி?”

“பிரஸ்ஸை உன் பேருக்கு மாத்திட்டேன். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டணும். கொட்டை எழுத்துல போட வேணாமா?”

கன்னியப்பன் தாளை அழுத்திப் பிடிக்கக் கை நீட்டினான். அதற்குள் அவர் தாளை விலக்கிவிட்டார்.

கல்லில் தலைகீழாகக் கிடந்த தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“டாக்டர் என்கிட்ட மட்டுந்தானே சொன்னாரு,” என்றார் மெதுவாக. “உனக்கு யார்டா சொன்னது?”