கோணல் லேபிள்

"வந்துடுச்சு பாரு, ஒன்றரை மணி மாப்பிள்ளை!"

ஜோங்ரே சொன்னதும் பள்ளிக்கூடச் சமையற்கட்டே சிரித்தது. தினமும்போல ஒன்றரைக்கு மல்சூனின் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

எண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்து, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அப்போதுதான் எல்லாரும் தரையில் சாய்ந்திருந்தார்கள். கையெடுத்து முடியை ஒதுக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. கேலி பேச மட்டும் தெம்பிருந்தது.

மல்சூன் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். இரண்டு மாத்திரையை வாயில் போட்டு பார்லித் தண்ணீர் குடித்தாள். அப்புறம் போனில் குழைந்தாள்.

"போட்டுட்டேன் கண்ணு. ரெண்டும் போட்டுட்டேன். சாயங்காலம் பாக்கலாம்."

"இளமை மாத்திரை! அம்பத்தொம்பது வயசுல யாருக்குக் காட்டக்கா? பொறந்தப்பவே ஒரு வயசுன்னு எண்ணற பழைய கணக்கை எடுத்துட்டு, கவர்மெண்டே சட்டம் போட்டு ஊருக்கெல்லாம் ஒரு வயசு குறைச்சுதே, அது பத்தலயா உங்களுக்கு?" என்றாள் ஜோங்ரே.

மல்சூன் சிரித்து வைத்தாள். அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த ஹேரானுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மல்சூன் அக்காவின் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. ஊசி போட்டால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாயிற்று. அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம் என்கிறாள். மாத்திரைக்கு மட்டும் காசு இருக்கிறது.

ஹேரான் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. போன வாரப் பாட்டிலும் இப்படித்தான் இருந்தது. நல்ல கம்பெனி இப்படியா ஒட்டும்? போலிச் சரக்கு. அந்தப் போன்காரன்தான் அக்கா தலையில் கட்டுகிறான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும், தன் கூடப்பிறந்த அக்காவின் மகனிடம் கேட்டாள்.

"அசலே பெருசா ஒண்ணும் செய்யாது சித்தி. வயசைக் குறைக்க மாத்திரை இருந்தா எனக்கு ஏன் முடி கொட்டுது? முதல்ல அந்தக் கைக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் ஹேரான் மல்சூன் ஏறிய பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தினம் போன்ல பேசறானே, அவன் உங்களை ஏமாத்தறான்."

மல்சூன் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, "அவனையே கேட்டுடு, வா" என்றாள்.

நாலாவது ஸ்டாப்பில் இறங்கினார்கள். பெஞ்சில் முப்பது வயசுக்கு மேல் மதிக்கத்தக்க, கனத்த ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பேரும் போன் நம்பரும் எழுதிய அட்டை தொங்கியது. மல்சூனைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"அம்மா! மாத்திரை போட்டியா?"

"போன்லயே சொன்னேனே தேசிக்."

அவன் குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கண்ணோரச் சுருக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருந்தது.

"கிழவி ஆகல" என்றான் திருப்தியாக. "இன்னிக்கு நூத்தி இருபது பாட்டில் ஒட்டினேன். எல்லாம் நேரா."

"நீ ஒட்டினா நேராத்தான் இருக்கும்."

அவன் கொடுத்த பையில் மூன்று பாட்டில்கள். மூன்றிலும் லேபிள் கோணல்.

தேசிக் வரும் பஸ்களை எண்ண ஆரம்பித்ததும் மல்சூன் குரலைத் தாழ்த்தினாள்.

"இவனை மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு பட்டறை இருக்கு. அங்க லேபிள் ஒட்டறான். கோணலா இருந்தா கம்பெனி திருப்பி அனுப்பிடும். நிறையத் திரும்பினா இவனை நிறுத்திடுவாங்க. அப்புறம் நாளெல்லாம் பூட்டின வீட்டுக்குள்ளதான் இருக்கணும். அதான் திரும்பறதுக்கு முன்னாடியே நான் வாங்கிடறேன். நான் கிழவி ஆகக்கூடாதுன்னுதான் இதை வாங்கறேன்னு இவன் நினைச்சுக்கிட்டிருக்கான்."

"மாத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்லக்கா..."

"அது எனக்குத் தெரியாதா ஹேரான்? முட்டி அப்படியேதான் வலிக்குது."

மறுநாள் ஒன்றரை மணிக்குச் செல்போன் அடித்தது.

"வந்துடுச்சு மாப்பிள்ளை!" என்றாள் ஜோங்ரே.

ஹேரான் கையுறையைக் கழற்றிவிட்டு மல்சூன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே வாராவாரம் எனக்கும் ரெண்டு பாட்டில்."

"நீயுமாடி?" ஜோங்ரே வாயைப் பிளந்தாள். "உனக்கு என்ன கேடு?"

"எனக்கும்தான் வயசாகுது" என்ற ஹேரான், மல்சூனின் காதோரம் குனிந்தாள்.

"நல்லாக் கோணலா ஒட்டினதாப் பாத்து எடுத்துட்டு வாங்கக்கா."