இன்னும் பன்னிரண்டு கையெழுத்து

"உள்ளேதான் இருக்கா. திரைச்சீலை அசைஞ்சதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்" என்றாள் இடெல்லா.

மறுபடி தட்டினாள். "ஹெய்டி! நான்தான், இடெல்லா. ஒரே ஒரு கையெழுத்து!"

"வீட்ல யாரும் இல்லை!" என்று உள்ளேயிருந்து ஹெய்டியின் குரலே பதில் சொன்னது. அடுத்த நொடி தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

இடெல்லா திகைத்துப் போனாள். ஹார்லோவில் கதவைப் பூட்டுகிறார்களா! வாசல் சாவி எங்கே கிடக்கிறதென்றே பாதிப் பேருக்குத் தெரியாத ஊர் அது.

"இது ஒன்பதாவது வீடு" என்றாள் ரோவீனா, கையிலிருந்த தாளைப் பார்த்தபடி. பக்கத்து வீட்டுக்காரி. இந்தத் தேர்தல் வேலையில் இடெல்லாவுக்குத் துணையாக இருப்பது அவள் ஒருத்திதான். "இன்னும் பன்னிரண்டு பேர் கையெழுத்து வேணும். அஞ்சு மணிக்கு கவுண்டி ஆபீஸை மூடிடுவாங்க. அதுக்குள்ள கொடுக்கலேன்னா ஓட்டுச்சீட்டுல உன் பேரே வராது."

இடெல்லாவின் பெயர் வராவிட்டால், வெண்டல் ஆஸ்ட் போட்டியே இல்லாமல் ஆறாவது தடவையாகக் கவுண்டி எனும் மாவட்ட மன்றத்தின் உறுப்பினர் ஆகிவிடுவார். பெருநகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து ஊர்க் கிணறுகளுக்கு மேட்டுப்பக்கம் கொட்டும் திட்டத்துக்குக் கை தூக்கியும் விடுவார். முப்பது வருஷம் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் வேலை பார்த்தவள் இடெல்லா. அந்தக் குப்பை இறங்கினால் குடிதண்ணீர் என்ன கதியாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அறுபத்திரண்டு வயதில், 'எதுவும் வீணாகக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் துண்டறிக்கை அடித்துக்கொண்டு தேர்தலில் குதித்திருந்தாள்.

எதிர்ச்சாரியில் ஒருவர் காரிலிருந்து இறங்கப் போனார். இவளைப் பார்த்ததும் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்து, ஜன்னலை ஏற்றி, நான்கு கதவுகளையும் பூட்டிக்கொண்டார்.

"பார்த்தியா! காரைப் பூட்டறார்! நான் என்ன திருடியா?"

"வாயைக் குறை. காதுல விழப்போகுது."

"விழட்டும். இது வெண்டல் பண்ற வேலைதான். விறகு அடுப்புக்கு வரி போடுவேன்னு என்னைப் பத்திக் கிளப்பிவிட்டிருப்பான். இல்லேன்னா, மாட்டைத் தலை எண்ணி வரி வாங்குவேன்னு."

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லடி."

இடெல்லா சட்டென்று திரும்பித் தோழியைப் பார்த்தாள். இவள் எதற்கு அவனுக்குப் பரிந்து பேசுகிறாள்? இவளையும் வளைத்துப் போட்டுவிட்டானா? சந்தேகம் வந்துவிட்டால் கூட நிற்கும் நிழலும் எதிரியாகத்தான் தெரியும்.

"நன்றி கெட்ட ஜனங்க" என்று பொருமினாள். "போன ஆகஸ்ட்ல என் தோட்டத்துல விளைஞ்சதை விக்காம, வீணாக்காம, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கொண்டுபோய் வெச்சவ நான். ஒரு வீட்டை விட்டிருப்பேனா?"

"விடலை" என்றாள் ரோவீனா, எங்கோ பார்த்தபடி. "ஒரு வீட்டைக்கூட விடலை."

"அந்த நன்றிகூட இல்லாம அவன் பேச்சைக் கேட்டு ஆடறாங்களே!"

கனத்த துணிப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருக்கோடியை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள். அங்கேதான் வெண்டலின் வீடு. "அடியே, வேண்டாம்" என்று ரோவீனா பின்னாலேயே ஓடினாள்.

தட்டிய தட்டில் கதவே அதிர்ந்தது. ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் சங்கிலி விடவில்லை. இடுக்கில் வெண்டலின் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது.

"ஊரையே எனக்கு எதிரா ஏவிவிட்டுட்டு, நீ சங்கிலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறியா? ஸ்கூல்ல படிச்சப்பவே உன் புத்தி எனக்குத் தெரியும் வெண்டல்!"

"நானா? உன்னைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயே திறக்கலை."

அவர் கண் அவள் முகத்தில் இல்லை. பையிலேயே நிலைகுத்தி நின்றது.

"பையில என்ன?"

"காகிதம்."

"காகிதமா இந்தக் கனம் கனக்குது?"

"முந்நூறு துண்டறிக்கை! எல்லாம் உன் யோக்கியதையைப் பத்தித்தான்!"

"கொட்டிக் காட்டு."

ஆத்திரத்தில் இடெல்லா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். காகிதங்கள் படியெல்லாம் சிதறின. இரண்டு பேனாக்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும் உருண்டன.

சங்கிலி கழன்றது. வெண்டல் வெளியே வந்து, குனிந்து, காகிதங்களைக் காலால் விலக்கிப் பார்த்தார். பையை வாங்கி ஒருமுறை உதறினார். பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"பேனாவைக் கொடு" என்றார். "எதிர்த்து நிக்க ஆளே இல்லாம ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு?"

போட்டியாளரே கையெழுத்துப் போடுவதை இடெல்லா நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதிலும் ஏதாவது சூது இருக்குமோ?

வெண்டல் படியில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"பயப்படாம வெளியே வாங்க! வெறும் காகிதம்தான்! ஒரு சுக்கினிக்காய்கூடக் கொண்டு வரலை!"

தெரு நெடுகத் தாழ்ப்பாள்கள் திறந்தன. பத்தே நிமிஷத்தில் மீதிப் பதினொரு கையெழுத்தும் வந்துவிட்டன. கூடவே, "வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றபடி, போன வருஷம் அவள் வாசல்தோறும் மூட்டை மூட்டையாக வைத்துவிட்டுப் போன, வெள்ளரி போன்ற அந்தக் காயில் செய்து, தின்று தீராமல் ஃப்ரீசரில் கிடந்த சுக்கினி ரொட்டியும் அவள் கைக்கு வந்து சேர்ந்தது, வீட்டுக்கு நான்காக.